நட்சத்திர அட்டையா, கிணற்றடியில் கூட நிற்பதா?

பிள்ளைகளுக்குப் பல் துலக்கவும் கை கழுவவும் பழக்கும் மட்டக்களப்புப் பெற்றோர் பலர் இரண்டு வழிகளில் ஒன்றைக் கையாளுகின்றனர்: செய்த நாளுக்கு அட்டையில் நட்சத்திரம் ஒட்டிப் பரிசு தருவது, அல்லது தாமும் கூட நின்று அதே வேலையைச் செய்து காட்டுவது.

முதலாவது விரைவில் பலன் தரும். அடம்பிடிக்கும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் அது உதவுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் டொபியைப் பரிசாகக் கொடுத்துப் பல் துலக்க வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். கல்லடியில் அக்கா வீட்டுக் கிணற்றடியில் அவருடைய நான்கு வயது மகள், தாயின் கைகளையே பார்த்தபடி சவர்க்கார நுரையை விரலிடுக்குகளிலும் நகக்கண்களிலும் தேய்த்து, "பொறுங்கம்மா, இன்னும் எண்ணி முடியல்ல" என்று சொல்லி, 20 வரை எண்ணிய பின்பே தண்ணீருக்குக் கையை நீட்டுகிறாள். 3 முதல் 6 வயது வரை பட்டாணியளவு புளோரைட் பற்பசை போதும் என்பதையும், பிள்ளை அதை விழுங்காமல் துப்புகிறதா என்பதையும் அருகில் நிற்பவரே கவனிக்க முடியும். 7 வயதளவிலும் பின்பற்களைப் பெரியவர் ஒருமுறை துலக்கிவிட வேண்டியிருப்பதால், அந்த இடத்தை எந்த அட்டையும் நிரப்பாது.

காலையில் வேலைக்கு ஓடும் பெற்றோர் இரவிலாவது பிள்ளையோடு சேர்ந்து பல் துலக்கலாம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவதால், படுக்குமுன் துலக்குவதைத்தான் ஒருநாளும் தவறவிடக் கூடாது.