பினா பௌஷ், மெர்ஸ் கன்னிங்ஹாம்: யாரிடமிருந்து தொடங்கலாம்?

நவீன நடனத்தை அமைத்த கலைஞர்கள் இருவரும் 2009-இல் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். ஜூன் 30 அன்று ஜெர்மனியின் பினா பௌஷ், ஜூலை 26 அன்று அமெரிக்காவின் மெர்ஸ் கன்னிங்ஹாம்.

கன்னிங்ஹாம் இசையையும் நடனத்தையும் பிரித்தே வைத்தார். இசையமைப்பாளர் ஜான் கேஜ் தனியாக இசையமைப்பார், இவர் தனியாக அசைவுகளை அமைப்பார். இரண்டும் பல நேரம் மேடையில்தான் முதல்முறையாகச் சந்திக்கும். அடுத்த அசைவு எது என்பதைக்கூட நாணயத்தைச் சுண்டித் தீர்மானிப்பார். பழகிப்போன ரசனையிலிருந்து விடுபட அவர் கண்ட வழி அது.

பினா கேள்வியிலிருந்து தொடங்குவார். 1973 முதல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் குழுவை நடத்திய அவர், 1970களின் பிற்பகுதியிலிருந்து தன் கலைஞர்களிடம் பயம், ஆசை, சிறுவயது பற்றியெல்லாம் கேட்டு, அவர்கள் செய்துகாட்டிய பதில்களையே கோத்துப் பல படைப்புகளை உருவாக்கினார். அதற்கு முந்திய பாணியில், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ (The Rite of Spring) இசைக்கு 1975-இல் அவர் அமைத்த நடனத்தில் மேடை முழுக்க மண். ஆட ஆட அந்த மண் வியர்வையோடு உடம்பிலும் மெல்லிய உடையிலும் அப்பிக்கொள்ளும். மூச்சு வாங்குவது நமக்கே கேட்கும். காணொளிப் பதிவில் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது.

அப்புறம், குழுக்களின் கதை. கன்னிங்ஹாமின் திட்டப்படி அவர் குழு இரண்டாண்டு பயணம் போய், 2011 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் கடைசியாக ஆடிக் கலைந்தது. துணிச்சலான முடிவுதான். பினாவின் குழு இன்றும் ஆடுகிறது. அந்த மண் நடனத்தை ஆப்பிரிக்க நாடுகளின் கலைஞர்கள் கற்று, 2020-இல் செனகல் கடற்கரை மணலிலேயே ஆடினார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் பினாவைத்தான் சொல்வேன். கன்னிங்ஹாமுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்; முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.