கழுத்துச் சிரை பலூன் சிகிச்சை: பல ஆண்டுகள் கழித்து ஓர் அனுபவம்

மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கிச் சேதப்படுத்தும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக 2011-இல் கழுத்துச் சிரையைப் பலூனால் விரித்துக்கொண்டவன் நான். பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிறேன். இந்தச் சிகிச்சையைப் பற்றி இன்றும் யாராவது விசாரித்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழக மருத்துவர் பாவ்லோ சம்போனி 2009-இல் கிளப்பிய கருத்து இது. மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் சிரைகள் சுருங்கினால் இரத்தம் தேங்கும், இரும்புச்சத்து மூளையில் படியும், நோய் அங்கிருந்து தொடங்கும் என்றார். அவருடைய மனைவிக்கும் இதே நோய். கேட்கிறவர் மனம் இளகாமல் இருக்குமா? கனடாவிலிருந்து போலந்துக்கும் இந்தியாவுக்கும் நோயாளிகள் விமானம் ஏறினார்கள்.

எனக்குத் தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி விரித்தார்கள். வலி அதிகமில்லை. முதல் சில மாதங்கள் பாதம் கதகதப்பாக இருந்தது, சோர்வும் குறைந்தது. அது பொய்யில்லை. பிறகு இடது கால் மரத்தது. ஒரு கண் மங்கியது. சிரை மறுபடி சுருங்கிவிட்டதாக டாப்ளர் ஸ்கேன் காட்டியது. இந்த முறை ஸ்டென்ட், அதாவது சிரையை விரித்தபடியே வைத்திருக்கும் சிறு வலைக்குழாய், வைக்கலாம் என்றார்கள். நோயே இல்லாதவர்களின் கழுத்தையும் இப்படிப் பார்த்திருக்கிறார்களா என்று என் மனைவி கேட்டாள். அங்கே ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதில் 2013-இல் கனடாவிலிருந்து வந்தது. நோயாளிகள், அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், தொடர்பே இல்லாத ஆரோக்கியமானவர்கள் என மூன்று தரப்பிலும் சிரைச் சுருக்கம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, உயிரிழப்பு, பக்கவாதம், இடம் நகர்ந்த ஸ்டென்ட் ஆகியவற்றைச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருந்தது. நல்லவேளை, ஸ்டென்ட்டுக்குப் பணம் புரளவில்லை.

என் கதகதப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கும் கனடாவின் அடுத்த ஆய்வில் விளக்கம் இருந்தது. சிரைச் சுருக்கம் உள்ள 104 நோயாளிகளில் 49 பேருக்கு உண்மையாகவே விரித்தார்கள். 55 பேருக்கு விரிப்பதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு வாக்கில் பார்த்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அப்படியென்றால் என் கதகதப்பும் பலூனால் வந்தது என்று சொல்ல முடியாது. சம்போனியே இத்தாலியில் இதேபோல் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்தி, இது பயன் தராது, பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். உடல் சூடேறினாலும் அறிகுறிகள் கூடும். சித்திரை வெயிலில் தர்மபுரி பஸ் நிலையத்தில் தள்ளாடுகிற என் கால், ஓசூர் குளிரில் ஒழுங்காக நடக்கிறது. அதற்காக ஓசூர்க் காற்று நோயைத் தீர்த்தது என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது பெங்களூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, நோய்த் தாக்குதல்களைக் குறைக்கும் டைமீதைல் ஃப்யூமரேட் மாத்திரை சாப்பிடுகிறேன். தொடக்கத்தில் முகம் சிவந்து எரிந்தது, வயிற்றையும் புரட்டியது. வெறும் வயிற்றில் போடாமல் களியோ தயிர்ச்சோறோ சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாங்குகிறது. வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். செலவைவிட அந்த அலைச்சல்தான் எரிச்சல். இதை ஆரம்பித்த பிறகு பெரிய தாக்குதல் வரவில்லை. மரத்த கால் முழுமையாகத் திரும்பவும் இல்லை. பழைய சேதத்தை இந்த மாத்திரை சரிசெய்யாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

கழுத்து ஸ்கேன் அறிக்கையில் 'சிரைச் சுருக்கம்' என்று எழுதியிருந்தால் அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பலூனுக்கு முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.