குளிர்காலத் தோல் வறட்சி: ஒரு பருவம் முழுக்கத் தடவினால் எது தாக்குப்பிடிக்கிறது?

எந்த மாய்ஸ்சரைசரும் தடவிய முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருக்கும். எட்டு மணி நேரம் கழித்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் பொருள் போதவில்லை, அல்லது தடவிய முறை சரியில்லை. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாக உள்ள இடம் அது. வறட்சி முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான்.

லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். சீக்கிரம் பரவும், துணியில் ஒட்டாது, ஆனால் கடுங்குளிரில் சாயங்காலம் வரை நிற்காது. வெளியே கிளம்பும் அவசரத்துக்கு அது போதும். இரவுக்கு கெட்டியான கிரீமோ களிம்போ வேண்டும்.

பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது 1872இல் காப்புரிமை பெற்ற பழைய வாஸ்லின்தான், தோலிலிருந்து ஆவியாகும் நீரைத் தடுப்பதில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். காய்ந்த காலில் அப்பினால் பிசுக்குத்தான் மிஞ்சும். 'வாஸ்லின் எனக்கு ஒத்துவரவில்லை' என்பவர்களில் பலர் செய்யும் தவறு இதுவே. பட்டாணி அளவு எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து இளக்கி, ஈரம் முழுதும் காயாத தோலில் மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். படுக்கை விரிப்பில் கறை படிவது உண்மையான குறை. அதற்கு மாற்று வழி இல்லை, பழைய விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம். பருக்கள் வரும் முகத்தில் இதைத் தவிர்த்து, துளைகளை அடைக்காத லேசான கிரீமுக்குப் போவது நல்லது.

கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும். நீர்க்காமல் தடவினால் பிசுபிசுக்கும், சிலருக்கு எரியும். காற்று மிக வறண்டிருந்தால், வெளியே ஈரம் கிடைக்காமல் தோலின் உள்ளடுக்கிலிருந்தே இழுக்கும். ஒரு பங்கு கிளிசரினுக்கு நான்கு பங்கு தண்ணீர், மேலே ஒரு பூச்சு களிம்பு என்றால் நல்ல பலன் உண்டு. அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள், பதனப்பொருள் சேராத கலவையில் கிருமி வளரும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் அதிகம் மெச்சத்தக்கது யூரியா கிரீம். 5 முதல் 10 சதவீதம் உள்ளது அன்றாடம் கை கால்களுக்கு. 20 சதவீதத்துக்கு மேற்பட்டது தடித்த குதிகாலுக்கு மட்டும். செதில் உதிர்ந்து தோல் வழவழப்பாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நான்காம் நாளே பலனில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெடிப்பிலும், மயிர் மழித்த இடத்திலும் சுரீரென்று எரியும். அதனால் வெடிப்பில் முதல் சில இரவுகள் வாஸ்லின் தடவி, பருத்திக் காலுறை போட்டு, வெடிப்பு மூடிக்கொள்ள விடுங்கள். யூரியா அதன் பிறகு. கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

இத்தனை கிரீமையும் வீணாக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: குளியலறை. ஆவி பறக்கும் வெந்நீர் தோலின் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான நீர், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். சாதாரண சோப்பின் அமில-கார எண் (pH) 9, 10 வரை போகும். தோலினுடையது 5ஐ ஒட்டி இருக்கும். குளிர் முடியும் வரை சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் என நிறுத்திக்கொள்ளுங்கள். துண்டால் ஒற்றியெடுத்து, மூன்று நிமிடத்துக்குள் கிரீம் தடவிவிட வேண்டும். டப்பா படுக்கையறையில் இருந்தால் இந்த மூன்று நிமிடம் நடக்கவே நடக்காது. குளியலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முடி வளரும் திசையில் தடவினால் மயிர்க்கால்களில் கொப்புளம் வருவது குறையும்.

அளவைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிரீம் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்கு வரும். இந்த அளவில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே ஒன்று, ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு. இரண்டு கைக்கும் காலுக்கும் மட்டுமே ஒரு வேளைக்கு 12 கிராம். தினம் ஒரு வேளை தடவினாலே 200 கிராம் பாட்டில் பதினாறு நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வந்தால் அது சிக்கனமில்லை, குறையாகத் தடவியிருக்கிறீர்கள். ஆகவே விலையுயர்ந்த சின்ன டப்பாவைவிட, தாராளமாகத் தடவ முடிந்த வாசனையற்ற பெரிய டப்பாவே மேல். வாசனைப்பொருள் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகிறது. 'இயற்கையானது' என்ற முத்திரை அதை மாற்றாது. ஆலிவ் எண்ணெயும் அப்படித்தான்: அதிலுள்ள ஒலீயிக் அமிலம் தோலின் தடுப்பு அடுக்கைத் தளர்த்துகிறது.

ஹீட்டர் ஓடும் அறை தனிக் கதை. உறைநிலையில் ஈரம் நிறைந்த காற்றையே உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அதன் ஈரப்பதம் 26 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். ஈரப்பதமூட்டி வைத்தால் 30க்கும் 50க்கும் இடையே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சுவரில் பூஞ்சை. தொட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் அதுவே கிருமிக்கூடம்.

உதட்டை நாக்கால் ஈரப்படுத்தும் பழக்கம் வெடிப்பைக் கூட்டும். கற்பூரமும் மென்தாலும் சேர்ந்த லிப் பாம் ஜில்லென்று இருக்கும், எரிச்சலைக் கூட்டவும் செய்யும். வெறும் வாஸ்லின் போதும்.

களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, சிகரெட் பக்கம் அந்தத் துணியோடு போக வேண்டாம். பாதத்தில் தடவியதும் டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். சர்க்கரை நோயுள்ளவர்கள் கால்விரல் இடுக்கில் தடவக் கூடாது. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தடவியும் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தாலோ, வெடிப்பில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டினாலோ, நாணயம் போல் வட்டத் திட்டுகள் வந்தாலோ, கிரீமை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டத் திட்டு படர்தாமரையாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.