சுரங்கக் கழிவுக் குட்டையின் அடியில் எந்த விரிப்பு நிலைக்கும்?

ஆந்திரத்தின் குப்பம் நகரை அடுத்த சிகர்குண்டா–பிசாநத்தம் தங்கப் பகுதி ஏலம் விடப்பட்டுவிட்ட நிலையில், தங்கம் பிரித்த கழிவைத் தேக்கும் குட்டைக்கு அடியில், கசிவைத் தடுக்க எதை விரிக்கப்போகிறார்கள் என்று இந்த எல்லைப்புறத் தமிழர்கள் கேட்டே ஆக வேண்டும். 2001இல் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தின் சயனைடு மேடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

பெண்டோனைட் களிமண் விரிப்பு நீர் பட்டதும் உப்பி, சிறு துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் சயனைடு நச்சு வாயுவாக மாறாதிருக்க அதன் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச் அளவை 10க்கு மேல் வைத்திருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பின் கால்சியம் களிமண்ணிலுள்ள சோடியத்தை வெளியேற்றிவிட, உப்பும் திறன் குறைந்து கசிவு கூடுகிறது. கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியில் யுரேனியத்தைப் பிரிப்பது சோடியம் கார்பனேட் கரைசல் என்பதால் இந்த இடமாற்றம் அங்கே பெரிதாக நிகழாது என்றாலும், உப்புச் செறிவு மிகுந்த நீரில் களிமண் சரியாக உப்புவதில்லை. ஆகவே பெண்டோனைட்டைத் தனியாக நம்புவதை நான் ஏற்கமாட்டேன். பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே இரண்டாம் அடுக்காக அது நன்று.

பிவிசி விரிக்கவும் ஒட்டவும் எளிது. அதற்கு மென்மை தரும் நெகிழ்விப்பான் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால், வெயிலில் அது விறைத்து வெடிக்கும்.

உண்மையான போட்டி எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்தது), எல்எல்டிபிஇ (அடர்த்தி குறைந்தது) ஆகிய இரு பாலித்தீன்களுக்கு இடையில்தான். சுரங்கத்தில் புழங்கும் அமிலமும் காரமும் சயனைடும் இவற்றை நேரடியாக அரிப்பதில்லை. ஆக்சிஜனும் வெப்பமுமே இவற்றுக்குப் பகை. அவற்றைத் தடுக்கக் கலக்கப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கரைசலில் மெல்லக் கரைந்து தீர்ந்த பிறகே பாலித்தீன் சிதையத் தொடங்கும். எச்டிபிஇயின் நெருக்கமான படிக அமைப்பு அந்த இழப்பைத் தாமதப்படுத்துகிறது. அதே அமைப்பினால்தான், இழுவிசை நீடிக்கும் பற்றவைப்பு ஓரங்களிலும் மடிப்புகளிலும் அது விரிசல் விடுகிறது. எல்எல்டிபிஇ மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். தடுப்பான்களைப் பொதுவாகச் சற்று விரைவில் இழக்கும். ராயலசீமை வெயில் நேரடியாக விழும் கரைச்சரிவுகளுக்கு எச்டிபிஇயையும், வெயில் படாத, தரை அமிழக்கூடிய அடித்தளத்துக்கு எல்எல்டிபிஇயையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

விரிப்புத் துண்டுகளை 23, 50 டிகிரி செல்சியஸில் 120 நாள் வரை கரைசலில் ஊறவைக்கும் வழக்கமான சோதனையில் பாலித்தீனின் வலிமை பெரும்பாலும் மாறாது என்பதால், தேர்ச்சிச் சான்றிதழை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஆக்சிஜனேற்றத் தூண்டல் நேரத்தைப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். தடுப்பான் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அந்த எண்தான் காட்டும்.