மூன்று பந்தா, பிஸ்டனா? விலா முறிந்தவருக்கு எந்த மூச்சுக் கருவி

அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடப்பக்கம் மூன்று விலா எலும்புகள் முறிந்தன. கட்டு எதுவும் போடவில்லை. நெஞ்சை இறுக்கிக் கட்டினால் மூச்சு இன்னும் குறையும் என்பதால் இப்போதெல்லாம் கட்டுவதில்லையாம். வலி மாத்திரையோடு பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அதற்கு 'ஊதுற மிஷின்' என்று பெயர் வைத்துவிட்டோம். அப்பாவும் இரண்டு நாள் விடாமல் ஊதினார், பந்து அசையவில்லை. அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு என்று மூன்றாம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னார்.

எலும்பு பெரும்பாலும் ஆறு வாரத்தில் தானாகக் கூடிவிடும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதுதான் வம்பு. நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தங்கும், நிமோனியா வரை போகும்.

மூன்று பந்துக் கருவி மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பந்துகளுக்கு மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். அது ஒரு நொடிக்கு இத்தனை மில்லி காற்று என்ற வேகக் கணக்கு. எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதைக் காட்டாது. வெடுக்கென்று அரை நொடி உறிஞ்சினால் மூன்று பந்தும் எகிறும், ஆனால் உள்ளே போனது சுமார் 600 மில்லிதான். ஒரே பந்தை மூன்று நொடி நிறுத்தினால் 1800 மில்லி. அப்பாவோ மூன்றையும் ஏற்றிவிட்டு, 'பார்த்தியா?' என்று எங்களைப் பார்ப்பார்!

பிஸ்டன் வகையில் இந்த ஏமாற்று வேலை நடக்காது. மெதுவாக உறிஞ்ச உறிஞ்ச பிஸ்டன் மேலேறும், எத்தனை மில்லி என்று அளவுகோலில் தெரியும். பக்கத்துச் சிறு மிதவை நடுவில் நின்றால் வேகம் சரி. விலை கூடுதல்தான், இருந்தாலும் விலா முறிவுக்கு என் ஓட்டு இதற்கே. நாங்கள் மாற்றி வாங்கிய அன்று அப்பாவால் 750 தான் முடிந்தது. காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தோம், ஒரு வாரத்தில் 1500ஐத் தொட்டார். ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென்று இறங்கினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பந்து அந்த எச்சரிக்கையைத் தராது.

ஃப்ளட்டர், அக்கபெல்லா போன்றவை நிஜமாகவே ஊதுகிற கருவிகள். வெளிவிடும் மூச்சை அதிரவைத்துச் சளியை இளக்கும். ஏற்கெனவே நெஞ்சுச் சளி உள்ளவருக்குச் சரி. விலா குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. தண்ணீர் பாட்டிலில் குழாய் விட்டுக் குமிழி ஊதுவதும் இதே ரகம்தான், எச்சரிக்கையும் அதேதான்.

வயிற்று அறுவைக்குப் பிறகான ஆய்வுகளில், உறிஞ்சும் கருவி வெறும் ஆழ்மூச்சுப் பயிற்சியைவிட மேல் என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. அதனால் பந்தோ பிஸ்டனோ, எதை வாங்கினாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை மெதுவாக இழுத்து, ஒவ்வொரு முறையும் மூச்சை மூன்று நான்கு நொடி உள்ளேயே நிறுத்த வேண்டும். அப்புறம், வலி மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது. மாத்திரை போட்டு அரைமணி கழித்து இழுத்தபோதுதான் அப்பாவுக்கு எண்ணே ஏறியது. இருமல் வந்தால் அடிபட்ட இடத்தில் தலையணையை அணைத்துக்கொள்வார். அம்மாவின் தலையணைதான் வேண்டுமாம், அது கொஞ்சம் கெட்டி.