பானெட்டுக்குள் சாதா, டிக்கியில் லித்தியம்: பெரிய ஃபோர் பை ஃபோருக்கு எந்த பேட்டரி?

என்னிடம் இருப்பது மூன்று லிட்டர் டீசல் ஃபார்ச்சூனர், பழைய மாடல். வால்பாறையில் ஐந்து நாள் நிறுத்திவிட்டுக் கிளம்பும் காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. எஸ்டேட் டிராக்டரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுத்தான் மலை இறங்கினோம். ஊருக்கு வந்ததும் ஆளாளுக்கு ஆலோசனை: பெரிய பேட்டரியாகப் போடு, ஏஜிஎம் போடு, காசு இருந்தால் லித்தியமே போட்டுவிடு.

போடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்த்தேன், நல்லதாகப் போயிற்று. டேஷ்கேம் பார்க்கிங் மோடில் கால் ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 6 ஏ.ஹெச் (ஆம்பியர் மணி), ஐந்து நாளில் 30, மூன்று வயதான 80 ஏ.ஹெச் பேட்டரி எங்கே தாங்கும்? பூட்டி வைத்த வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சரி, அதுவே மாதம் 36 ஏ.ஹெச் ஆகிவிடுகிறது. உங்கள் வண்டியில் அதற்கு மேல் இழுத்தால் முதலில் அதைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் எந்த பேட்டரி வாங்கினாலும் அதே டிராக்டரைத்தான் தேட வேண்டும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். முதல் போட்டி சாதா ஆசிட் பேட்டரிக்கும் ஏஜிஎம்முக்கும். ஏஜிஎம்மில் ஆசிட் ததும்பாது, தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடியிழைப் பாயில் ஊறி நிற்கும், அதனால் காட்டுப்பாதைக் குலுக்கலைத் தாங்கும், சாய்ந்தாலும் கொட்டாது, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, அதே பெட்டி அளவில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் கிராங்கிங் பலமும் கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஈய பேட்டரி எதுவானாலும் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. மூடி திறக்கும் சாதாவில் ஆவியானதை டிஸ்டில்ட் வாட்டர் விட்டு ஈடுகட்டலாம், ஏஜிஎம்மில் போனது போனதுதான். மே மாதம் மதுரை டிராஃபிக்கில் ஏசியோடு அரை மணி நின்ற டீசல் வண்டியின் பானெட்டைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏஜிஎம் முழுதாக நிறைய 14.4 முதல் 14.7 வோல்ட் வரை வேண்டும். டொயோட்டா டீசல்கள் பலவற்றில், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சூடேறினால் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும், என் வண்டியில் அரை மணி ஓட்டியபின் 13.6ல் நின்றது. ஆஸ்திரேலியாவில் பிராடோ, ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இதற்காகவே டையோடு வைத்த ஃப்யூஸ் ஒன்றைச் செருகி அரை வோல்ட் போல ஏற்றிக்கொள்கிறார்கள். அந்த வேலை செய்யத் தயாரில்லை என்றால் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ஏஜிஎம் எப்போதும் அரைவயிறாகவே கிடக்கும். சிக்னலில் தானாக எஞ்சின் அணைந்து எழும் வண்டி என்றால் கதை வேறு, அதில் கம்பெனி ஏஜிஎம்மோ ஈஎஃப்பியோ (சாதாவையே பலப்படுத்திய வகை) எது போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள், சாதாவுக்கு இறங்க வேண்டாம்.

பெரிய பேட்டரி போடலாமா? இடம் இருந்தால் தாராளமாக. ஆனால் லேபிளைப் படியுங்கள். 105 டி 31 என்று இருந்தால் 105 என்பது திறன் மதிப்பு, டி என்பது அகல உயர வகை, 31 என்பது நீளம் சென்டிமீட்டரில், கடைசியில் வரும் ஆர் அல்லது எல் டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று ஆர் பேட்டரிக்குப் பதில் எல் பேட்டரியைத் தள்ளிவிட்டால் கேபிள் எட்டாது, எட்ட வைக்கிறேன் என்று இழுத்துக் கட்டினால் அது வேறு ஆபத்து. அப்புறம் சிசிஏ. மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்ற அளவு அது. லடாக் போகிறவர்களுக்கு முக்கியம். திருச்சியில் ஓட்டுகிறவர் அதை மட்டும் பார்த்து வாங்குவது வீண், மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கி அந்த எண்ணை ஏற்றியிருந்தால் நம் வெயிலில் அவை சீக்கிரம் அரித்துவிடும்.

லித்தியத்துக்கு வருகிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஏ.ஹெச் பேட்டரி 12 கிலோ போல வரும், அதே அளவு ஈயம் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஈயத்தில் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போகும், இதில் 80 சதவீதத்துக்கு மேலும் கவலையில்லாமல் எடுக்கலாம். ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும். இவ்வளவு சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் வைக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) சூடு தாங்காமல் ஓடும்போதே துண்டித்தால் ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் எகிறி டையோடு போகலாம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜும் ஏற்றக் கூடாது. வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மின் ராட்டினம்) இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும், முழு பாரத்தில் அது 400 ஆம்பியர் வரை இழுக்கும், சாதாரண லித்தியத்தின் பிஎம்எஸ் அதற்கெல்லாம் பாதியிலேயே கைவிரித்துவிடும்.

லித்தியத்துக்கு ஏற்ற இடம் டிக்கி, இரண்டாவது பேட்டரியாக. 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கிறது, பாதி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்கு 48 ஏ.ஹெச். இதை ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தலையில் கட்டினால் காலையில் வண்டி எழாது. இரண்டு பேட்டரியையும் வெறும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) வைத்து இணைப்பது மலிவு, இரண்டும் ஈயமாக இருந்தால் ஓரளவு வேலை செய்யும். லித்தியம் என்றால், நடுவே நின்று வோல்டேஜையும் ஆம்பியரையும் கட்டுப்படுத்தும் டிசி டு டிசி சார்ஜர் கட்டாயம், இல்லாவிட்டால் அது ஆல்டர்னேட்டரை உறிஞ்சி எடுத்துவிடும். முகாம் போடாதவர்களுக்கு இந்தச் செலவு எதுவும் தேவையில்லை.

நான் கடைசியில் செய்தது: முன்னால் அதே டி 31 அளவில் ஒரு படி மேலான சாதா பேட்டரி, பின்னால் 100 ஏ.ஹெச் லித்தியம், நடுவே 25 ஆம்பியர் சார்ஜர், 16 சதுர மில்லிமீட்டர் கேபிள். டேஷ்கேமைப் பின் பேட்டரிக்கு மாற்றிவிட்டேன். கேபிள் இழுத்த எலக்ட்ரீஷியன் முன்பக்கம் மட்டும் ஃப்யூஸ் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்றார். லித்தியமும் மின்சாரம் கக்கும் பொருள்தான், கேபிள் எங்காவது உரசினால் அந்தப் பக்கமிருந்தும் தீப்பிடிக்கும் என்று சொல்லி, டிக்கி முனையிலும் ஒன்று போட வைத்தபிறகுதான் காசு கொடுத்தேன்.