மூன்று மெய்நிகர் மேசைகள்: மலையகக் குழுவுக்கு எது பொருந்தும்?

ஹட்டனில் ஒருவர், மஸ்கெலியாத் தோட்டமொன்றில் ஒருவர், கொழும்பில் வேலைக்குப் போன இருவர், கட்டாரில் ஒருவர். ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தி விளையாடும் மலையக இளைஞர் குழு இப்படித்தான் சிதறிக் கிடக்கும். ஒன்றாக உட்கார வழியில்லாதபோது வரைபடம், பாத்திரத்தைக் குறிக்கும் காயான டோக்கன், பகடை எல்லாம் இணையத்துக்குப் போகின்றன. மெய்நிகர் மேசை எனப்படும் அதற்கான கருவிகளில் ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர் ரோடியோ ஆகிய மூன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கமான ஒப்பீடுகள் கதையைச் சொல்லி விளையாட்டை நடத்தும் நடத்துநரின் கணினியைப் பார்த்தே எழுதப்படுகின்றன. எனக்கு முக்கியமானவர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில், சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில், பழைய கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர். அவரால் விளையாட முடியாத மேசை எவ்வளவு அழகாக இருந்தாலும் குழுவுக்கு உதவாது.

ரோல்20 இவற்றில் மூத்தது. 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் திரட்டிய நிதியோடு தொடங்கியது. உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. குரல் அழைப்பும் உள்ளேயே உண்டு. விலைக்கு வாங்கும் கதைத் தொகுப்புகள் வரைபடங்களோடு தயாராக வருவதால் நேரமில்லாத நடத்துநருக்கு அது பெரிய உதவி. ஆனால் இலவசக் கணக்கில் 100 மெகாபைட் இடம்தான், விளம்பரமும் வரும். டோக்கனின் பார்வைக்கேற்ப இருளும் ஒளியும் மாறும் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். முழு மேசையும் கணினித் திரையை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. கைத்தொலைபேசியில் பாத்திரக் குறிப்பைப் பார்க்கலாம், பகடை உருட்டலாம். வரைபடத்தில் நடமாடுவது சிரமம்.

ஃபவுண்ட்ரி 2020இல் வந்தது. மாதச் சந்தா கிடையாது. நடத்துநர் ஒருமுறை 50 டொலர் கட்டினால் மற்றவர்கள் இலவசமாகச் சேரலாம். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 15,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பதினொரு நாள் உழைப்பு அது. ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கினால் தாங்கக்கூடியது என்பதால் விலையை நான் பெரிய தடையாகச் சொல்லமாட்டேன்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபவுண்ட்ரி வழக்கமாக நடத்துநரின் சொந்தக் கணினியிலிருந்து ஓடுகிறது. மற்றவர்கள் வெளியிலிருந்து அந்தக் கணினியை வந்தடைய வேண்டும். தோட்டப் பகுதிகளில் இணையம் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது. அந்த வலையமைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், ரவுட்டரில் வழி திறந்துவிட்டாலும் வெளியார் உள்ளே வர முடியாது. கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற இடைவழி வைத்து இதைத் தாண்டலாம். அதற்குப் பின்னும் வேகம் பிரச்சினையாக இருக்கும். ஒரு வரைபடம் 10 மெகாபைட், ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் என்றால் நடத்துநரின் இணைப்பு 50 மெகாபைட்டை மேலேற்ற வேண்டும். வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் அதற்கு 100 வினாடி ஆகும். போர்க்காட்சி தொடங்கும் நேரத்தில் அந்த இடைவெளி கதையின் சூட்டையே ஆற்றிவிடும். படத்தை வெப்பி (WebP) என்ற சுருக்கமான கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் அளவு வெகுவாகக் குறையும். ஃபவுண்ட்ரி வைத்திருக்கும் எவரும் இதை முதல் நாளே செய்ய வேண்டும். கொழும்பில் ஃபைபர் இணைப்புள்ள நண்பர் ஒருவர் நடத்துநரானால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இவ்வளவு சிரமத்துக்கும் அது தரும் பலன் உண்டா? எங்கள் ஊர்க் கதைகளை விளையாட நினைப்பவருக்கு நிச்சயம் உண்டு. இந்தக் கருவிகள் எல்லாம் நிலவறைகளையும் தட்டையான தளங்களையும் எண்ணி உருவானவை. எங்கள் நிலம் சரிவும் படிக்கட்டும் பள்ளத்தாக்கும். தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கிலிருந்து கல்லை உருட்டிவிடுபவனும் கீழ்லயத்தில் நிற்பவனும் வரைபடத்தில் ஒரே மட்டத்தில் தெரிந்தால் கதை பொய்யாகிவிடுகிறது. அருச்சுனன் தபசுக் கூத்தில் அருச்சுனன் தவம் செய்ய ஏறும் உயரமான மரத்தை மேலிருந்து பார்க்கும் படத்தில் எப்படிக் காட்டுவது? ஃபவுண்ட்ரியில் ஒவ்வொரு டோக்கனுக்கும் உயரம் குறிக்கலாம். 2024இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து வரைபடத்தின் ஒரு பகுதியை வரையறுத்து, அது எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை செல்லும் என்றும் சொல்லலாம். அவுல்பேரில் டோக்கன்மேல் குறிப்பு எழுதிச் சமாளிக்கத்தான் முடியும்.

ஆனாலும் என் முதல் தேர்வு அவுல்பேர் ரோடியோதான். இணைப்பை அனுப்பினால் ஆட்டக்காரர் கணக்குத் தொடங்காமலே உள்ளே வந்துவிடுகிறார். கைத்தொலைபேசியில் விரலால் டோக்கனை நகர்த்தலாம், பகடையை எல்லோரும் பார்க்க உருட்டலாம். விதிகளை அது கணக்கிடாது, குரலும் இல்லை. விதி தெரிந்த நடத்துநரும் தனியாக ஒரு வாட்ஸ்அப் அழைப்பும் இருந்தால் அந்தக் குறை தெரியாது. மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும் இரவுகளில், திரும்பச் சேர ஒரே தட்டல் போதும் என்பது எனக்கு மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. வரைபடமே வேண்டாம் என்று குரலிலும் பகடையிலும் மட்டும் கதை நகர்த்தும் குழுக்களும் உண்டு. இரண்டு மூன்று பேருக்கு அது இனிமையானது. ஐந்து பேர் போரிடும்போது யார் எங்கே நிற்கிறார் என்பதிலேயே வாக்குவாதம் வரும்.

மேசை எதுவானாலும் நான் எதிர்பார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. வரைபடத்தின் சிறிய, மங்கலான பிரதியை முதலில் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்க விட்டு, தெளிவான படத்தைப் பின்னால் மெல்ல நிரப்ப வேண்டும். மெதுவான இணைப்பில் இருப்பவர் அதன் பிறகு மற்றவர்களைக் காக்க வைக்க வேண்டியதில்லை.

தமிழைப் பொறுத்தவரை மூன்றிலும் எழுத முடியும். பொத்தான்களும் பட்டியல்களும்தான் வேற்றுமொழியில் நிற்கின்றன. நாமே கைவைக்க மிக எளிதாக இடம் தருவது ஃபவுண்ட்ரி. அதன் இடைமுகச் சொற்கள் தனிக் கோப்பில் இருப்பதால், தமிழ்க் கோப்பொன்றை எழுதித் துணைநிரலாகச் சேர்த்துவிடலாம். நமக்குப் பிடித்த எழுத்துருவையும் ஏற்றலாம். விதிகளுக்கும் வழி திறந்திருக்கிறது. புகழ்பெற்ற பாத்திரமேற்று விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதைத் தமிழாக்கி வெளியிடலாம். பாத்திரக் குறிப்பில் வரும் ஆறு திறன்கள், தாக்குதல், சேதம், உயிர்ப்புள்ளி ஆகியவற்றில் தொடங்கினாலே, ஆங்கிலம் தடுக்கும் தம்பி தங்கைகளை அடுத்த விளையாட்டுக்கே மேசைக்கு அழைத்துவர முடியும்.